புதுப் பதிப்பு சொதப்புகிறதா? தூக்கிப் போடுவதற்கு முன்னால் சோதிப்பது எப்படி

பழைய ஃபைட்டிங் கேம் ஒன்றைப் புது கன்சோலுக்குக் கொண்டுவருகிறார்கள். எல்லா கேரக்டரும் உண்டு, தனியாக விற்ற கூடுதல் (டிஎல்சி) உடைகள் எல்லாம் சேர்ந்தே வருகின்றன, படம் இன்னும் கூர்மை என்று பட்டியல் நீளும். வாங்கி ஆடிப் பார்த்தால் வருஷக்கணக்கில் தூக்கத்தில்கூட அடித்த காம்போ (விடாமல் தொடுக்கும் அடிகளின் வரிசை) பாதியில் அறுந்து போகும். நம் கைதான் துரு பிடித்துவிட்டதோ என்று சந்தேகம் வரும். பல நேரம் கை சரியாகத்தான் இருக்கும்.

இதற்குப் பெரிய சாட்சி 2015 மே மாதம் பிஎஸ்4-க்கு வந்த அல்ட்ரா ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4. 44 கேரக்டர், பழைய உடைகள் அத்தனையும் என்று காகிதத்தில் ஒரு குறையும் இல்லை. வந்த வேகத்திலேயே பட்டன் தாமதம், கிராஃபிக்ஸ் கோளாறு என்று புகார் குவிந்தது, கேமைத் தயாரித்த காப்காமின் ப்ரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டிகளே எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்புக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. கோளாறைத் திருத்தும் பேட்ச் பிறகு வந்தது என்பது வேறு விஷயம். ஃபைட்டிங் கேமில் எத்தனை கேரக்டர் என்பதைவிட பட்டனுக்கும் திரைக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதுதான் முக்கியம், அதைப் பெட்டியின் பின்னால் எவரும் அச்சடிப்பதில்லை. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் நம் பக்கத்தைச் சுத்தம் செய்துவிடுவோம். டிவியில் கேம் மோட் (படத் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது கன்சோலை வேறு எச்டிஎம்ஐ துளையில் செருகியிருந்தால், பழைய துளையில் போட்ட கேம் மோட் இதற்குப் பொருந்தாமல் போகலாம். பல டிவிகள் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனி அமைப்பு வைத்திருக்கும். அடுத்தது கன்ட்ரோலர். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டிலும் யுஎஸ்பி கேபிளைச் செருகினால் மட்டும் போதாது, கன்ட்ரோலர் செட்டிங்ஸில் தொடர்பு முறை என்ற இடத்தில் யுஎஸ்பி கேபிளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கேபிள் சார்ஜ் மட்டும் செய்துகொண்டிருக்கும், பட்டன் தகவல் ப்ளூடூத்திலேயே போகும். இது தெரியாமலே கேமைத் திட்டுபவர்கள் நிறையப் பேர்.

இவ்வளவுக்குப் பிறகும் கை ஒட்டவில்லையா? சரி, அளந்துவிடலாம். போனில் ஸ்லோ மோஷனை விநாடிக்கு 240 ஃப்ரேமில் (ஒரு ஃப்ரேம் என்பது ஒரு படம்) வைத்து, கன்ட்ரோலரும் திரையும் ஒரே சட்டத்துக்குள் தெரிகிற மாதிரி நிறுத்துங்கள். கேமின் பயிற்சிப் பகுதியான ட்ரெய்னிங் மோடுக்குப் போய், நின்ற இடத்தில் லைட் பஞ்ச் (லேசான குத்து) மட்டும் விட்டு விட்டு அடியுங்கள். அப்புறம் வீடியோவை ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தி, கட்டைவிரல் பட்டனின் அடியைத் தொடும் நொடியிலிருந்து கேரக்டரின் தோள் முதன்முதலாக அசையும் வரை எத்தனை ஃப்ரேம் என்று எண்ணுங்கள். கேம் ஓடுவது விநாடிக்கு 60 ஃப்ரேமில், அதாவது ஒரு ஃப்ரேம் சுமார் 16.7 மில்லிவிநாடி. ஆகவே போனின் நான்கு ஃப்ரேம் கேமின் ஒரு ஃப்ரேம். 24 எண்ணினால் ஆறு ஃப்ரேம், 100 மில்லிவிநாடி. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் மாறும், பத்துப் பதினைந்து அடியின் சராசரியை எடுங்கள். இந்த எண்ணில் டிவியின் தாமதமும் கலந்திருப்பதால் அதைத் தனியாக வைத்துப் பார்த்துப் பயனில்லை. அதே டிவியில், அதே கேரக்டரின் அதே அடியைப் பழைய பதிப்பிலும் எடுத்து ஒப்பிடுங்கள். முடிந்தால் கன்ட்ரோலரும் ஒன்றாகவே இருக்கட்டும். அந்த வித்தியாசம்தான் உங்கள் பதில்.

இங்கே பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம் உண்டு. தாமதம் ஒரே அளவில் சீராக இருந்தால் காம்போ பெரிதாகக் கெடாது, ஏனென்றால் அடிக்கும் அடிக்கும் நடுவே உள்ள தாளம் மாறுவதில்லை, முழுக் காம்போவும் சற்றுத் தள்ளி நடக்கும், அவ்வளவுதான். தாமதத்தால் கெடுவது பார்த்துச் செய்யும் வேலைகள்தான்: எதிராளி குதிப்பதைப் பார்த்து மேலே அடிப்பது, அவர் அடி தவறியதும் தண்டிப்பது, முதல் அடி பட்டதா என்று பார்த்துத் தொடர்வது. இவை மட்டும் வராமல் காம்போ ஒழுங்காக வந்தால் பிரச்சினை தாமதம். மாறாக ஒரு முறை வந்த காம்போ மறுமுறை காரணமே இல்லாமல் அறுந்தால், ஃப்ரேம் சீராக ஓடவில்லை அல்லது பட்டனைக் கேம் விழுங்குகிறது. ட்ரெய்னிங் மோடில் இன்புட்டை, அதாவது நீங்கள் அழுத்தியதை, திரையில் காட்டும் வசதியைப் போட்டுப் பாருங்கள். அம்புக்குறியும் பட்டனும் சரியான வரிசையில் விழுந்திருந்தும் அடி வரவில்லை என்றால் கூச்சப்படாமல் கேமின் மேல் பழி போடலாம். அந்த இன்புட்டே திரையில் தெரியவில்லை என்றால் கன்ட்ரோலரை மாற்றிப் பாருங்கள்.

ஃப்ரேம் தடுமாறினால் ஸ்டேஜை (சண்டை நடக்கும் களத்தை) மாற்றிப் பாருங்கள். பின்னணியில் கூட்டமும் மழையும் ஆடும் இடத்தைவிட, வெறும் கட்டம் போட்ட ட்ரெய்னிங் ஸ்டேஜ் இலகுவாக ஓடும். பார்க்க அழகில்லை, ஆனால் ஆட முடியும். பிஎஸ்5 வைத்திருந்தால், பிஎஸ்4 பதிப்பையும் அதில் ஓட்டிப் பாருங்கள், சில கேம்களில் அது உதவும்.

ஆன்லைனை இதோடு சேர்க்காதீர்கள், அது தனிக் கணக்கு. வாங்கும் முன்பே ரோல்பேக் நெட்கோட் (இணையத் தாமதம் ஆட்டத்தில் தெரியாமல் மறைக்கும் முறை) உண்டா, எந்தக் கன்சோல் பதிப்புக்கு உண்டு என்று விசாரியுங்கள். டிராகன் பால் ஃபைட்டர்இசட் 2024-இல் ரோல்பேக் பெற்றபோது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி பதிப்புகளுக்குக் கிடைத்தது, பிஎஸ்4 பதிப்புக்குக் கிடைக்கவில்லை. ஒரே பெயர், இரண்டு வேறு அனுபவம்.

ரீஃபண்ட் பற்றி ஆற அமர யோசிக்க நேரம் கிடையாது. பிசி கேம் கடையான ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். ட்ரெய்னிங் மோடில் உட்கார்ந்திருக்கும் நேரமும் அதில் சேரும், அதனால் சோதனையை முதலில் முடியுங்கள், ஸ்டோரியை அப்புறம் பார்க்கலாம். ப்ளேஸ்டேஷன் ஸ்டோர் இன்னும் கறார்: டவுன்லோட் தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருப்பதைக் காட்டினால் ஒழியப் பணம் கிடைப்பது கஷ்டம். அங்கேதான் அந்த ஸ்லோ மோஷன் வீடியோவும், இன்புட் தெரியும் பதிவும் உதவும். கன்சோலின் ஷேர் பட்டனிலேயே கோளாறைப் பதிவு செய்து, எந்தப் பேட்ச் எண்ணில் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். "லேக் ஆகுது" என்று மட்டும் எழுதினால் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பேட்ச் வந்தால் குறிப்பில் உள்ள இனிப்பான வரிகளை நம்பாமல், அதே அடியை அதே டிவியில் மறுபடி எடுத்து எண்ணுங்கள். எண் குறையும் வரை பழைய கன்சோலை விற்காதீர்கள், சேவ் ஃபைலையும் அழிக்காதீர்கள். நண்பர்கள் வந்தால் ஆடுவது பழைய பதிப்பிலேயே இருக்கட்டும். புதியதில் உடைகளை வேண்டுமானால் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.