கப்பலில் ஒரு கல்விப் பருவம் படிக்கப் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் ‘செமஸ்டர் அட் சீ’ திட்டத்தில் சேரும் மாணவர், ஏறத்தாழ நூறு நாட்கள் ஒரு பயணிகள் கப்பலிலேயே தங்கி, அங்கேயே வகுப்புகளுக்குச் சென்று, பத்து நாடுகள் வரை பார்த்து, ஒரு முழுப் பருவத்திற்குரிய கிரெடிட்டுகளைப் பெறுகிறார். 1926இல் ரைண்டாம் என்ற கப்பல் சுமார் 500 மாணவர்களுடன் உலகைச் சுற்றியபோதே இத்தகைய கல்விக்கு வித்திடப்பட்டது. இன்றைய திட்டத்தின் தொடக்கம் 1963. 2015 முதல் ‘வேர்ல்ட் ஒடிசி’ என்ற கப்பல் இதற்குப் பயன்பட்டு வருகிறது. 2016 முதல் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் பாடங்களுக்குப் பொறுப்பேற்றுள்ளது. இந்தப் பயணத்தில் சேர்கிறவர்கள் பெரும்பாலும் துறைமுகங்களைப் பற்றியே திட்டமிடுகிறார்கள். ஆனால் கரையில் கழிக்கும் நாட்கள் பயனுள்ளவையாக அமைவது, அதற்கு முந்தைய கடல் நாட்களை எப்படிச் செலவிட்டோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே இந்தக் கையேடு கப்பலுக்குள் நடத்த வேண்டிய வாழ்க்கையைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

முதலில் ஆவணங்கள். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு, அமெரிக்க மாணவர்களுக்குத் தேவைப்படாத பல விசாக்கள் தேவைப்படும். ஆகவே பயணப் பாதை அறிவிக்கப்பட்ட உடனேயே எந்த நாட்டுக்கு எப்போது விண்ணப்பிப்பது என்று வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கப்பல் அந்தப் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதாக இருந்தால், பலமுறை நுழையும் அனுமதியைக் கேட்டுப் பெற வேண்டும். கானா போன்ற நாடுகள் பாதையில் இருந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கட்டாயம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்திற்குத் தள்ளிப்போடக் கூடாது. சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் இந்த ஊசி போடப்படுகிறது.

கப்பலில் ஏறியவுடன் முதல் வேலை பாதுகாப்புப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் உயிர்காப்பு அங்கியுடன் உங்களுக்குக் குறிக்கப்பட்ட இடத்தில் கூட வேண்டும். பயிற்சி முடிந்த பிறகு, உங்கள் அறையிலிருந்து அந்த இடத்திற்குச் செல்லும் வழியைத் தனியாக ஒருமுறை நடந்து பாருங்கள். மெழுகுவத்தி, இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கும் கெட்டில் ஆகியவற்றைக் கொண்டுவர அனுமதி இல்லை, ஏனெனில் நடுக்கடலில் தீ மிகப் பெரிய ஆபத்து. மடிக்கணினி, கண்ணாடிப் புட்டி போன்றவற்றை மேசை மேல் விட்டுவிட்டுத் தூங்கச் செல்லாதீர்கள். 2005 ஜனவரியில், இத்திட்டத்தின் முந்தைய கப்பலான ‘எக்ஸ்புளோரர்’ வட பசிபிக்கில் சுமார் 15 மீட்டர் உயர அலையில் அடிபட்டு, கப்பலைச் செலுத்தும் அறையின் சன்னல் உடைந்து, எஞ்சின்களையும் சிறிது நேரம் இழந்தது. அத்தகைய கடல் அரிது என்றாலும், சாதாரணக் கொந்தளிப்பே பொருட்களை உருட்டிவிடப் போதுமானது.

குமட்டலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதல் வாரத்தில் படிப்பைக் கெடுப்பது பெரும்பாலும் அதுதான். உட்காதிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணரும்போது, அறைச் சுவரைப் பார்க்கும் கண் எதுவும் அசையவில்லை என்று சொல்வதால் மூளை குழம்புகிறது. ஆகவே தலைசுற்றத் தொடங்கியதும் புத்தகத்தை மூடிவிட்டு, திறந்த தளத்திற்குச் சென்று அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதே முதல் மருந்து. கப்பலின் நடுப்பகுதியிலும் கீழ்த்தளங்களிலும் அசைவு குறைவு, முன்முனையில் அதிகம். அறையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் இதை நினைவில் வையுங்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். உப்பு பிஸ்கட், பச்சை ஆப்பிள், இஞ்சி ஆகியவை பலருக்கு உதவுகின்றன. மாத்திரை எடுப்பதாக இருந்தால் கடல் கொந்தளித்த பிறகு அல்ல, அதற்கு முன்பே எடுக்க வேண்டும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கப்பல் மருத்துவரிடம் கேளுங்கள். தென்னாப்பிரிக்கக் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் அகுல்லாஸ் நீரோட்டம், எதிர்த் திசையிலிருந்து வரும் அலைகளை மோதிச் செங்குத்தாக உயர்த்துகிறது. கேப் டவுனிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குள் திரும்பும் பாதை என்றால் அந்த நாட்களில் தேர்வுக்கான படிப்பை வைத்துக்கொள்ளாதீர்கள்.

கப்பல் வகுப்புகள் கடல் நாட்களில் மட்டுமே நடக்கும். பாடங்களை இரு தொகுதிகளாகப் பிரித்து ஏ நாள், பி நாள் என்று மாறி மாறி வரும் அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. இடையிடையே வகுப்பில்லாத ஒரு படிப்பு நாள் கிடைத்தால் உண்டு. கிழக்கு நோக்கிச் செல்லும் பயணத்தில் ஒவ்வொரு 15 பாகை தீர்க்கரேகைக்கும் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்படும், அன்றைய தூக்கத்தில் ஒரு மணி நேரம் போய்விடும். அடுத்தடுத்த இரவுகளில் இது நடக்கும்போது காலை வகுப்பில் தலை நிமிர்வதே கடினம். ஆகவே அந்த வாரங்களில் இரவு உரையாடல்களைக் குறைத்துக்கொண்டு சீக்கிரம் படுப்பது நல்லது. கட்டுரைகளைத் துறைமுகத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று ஒத்திப்போடுவது, நான் அறிந்தவரை, இந்தப் பயணத்தில் மாணவர்கள் செய்யும் மிகத் தவறான கணக்கு. கரையிறங்கியவர் எழுதுவதில்லை, எழுதுகிறவர் கரையைப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் வழி வரும் இணையத்தை நம்பி வேலைகளை அமைப்பதும் சரியல்ல. தேவையான கட்டுரைகளையும் வரைபடங்களையும் புறப்படும் முன்பே தரவிறக்கம் செய்து வையுங்கள்.

ஒவ்வொரு துறைமுகத்திற்கும் முன்னால் அந்த நாட்டைப் பற்றிய அறிமுகக் கூட்டமும், பணமாற்று, பாதுகாப்பு, குடிவரவுச் சோதனை ஆகியவற்றுக்கான கூட்டமும் நடக்கும். அடுத்த நாட்டைச் சேர்ந்த விரிவுரையாளரும் மாணவர்களும் சில கட்டங்களில் முந்தைய துறைமுகத்திலேயே ஏறிக்கொள்கிறார்கள். இந்த ஏற்பாட்டை மிகச் சிலரே முழுமையாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது வருத்தத்திற்குரியது. அவர்களுடன் ஒரு வேளை உணவு உண்டு, நம் வயதுடையவர்கள் அந்த ஊரில் மாலையில் எங்கே கூடுகிறார்கள், எந்தப் பேருந்தில் ஏறுகிறார்கள், எதைப் பற்றி வாதிடுகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு, வழிகாட்டிப் புத்தகம் காட்டும் ஊரினும் வேறான ஊர் கிடைக்கும். முன்பு இந்தக் கப்பல்கள் சென்னைக்கும் பின்னர் கொச்சிக்கும் வந்திருக்கின்றன. அத்தகைய பாதையில் செல்லும் தமிழ் மாணவர், தன் சக மாணவர்களுக்கு ஊரை அறிமுகப்படுத்தும் அந்தப் பணியைத் தாமே செய்ய முன்வரலாம்.

ஒவ்வொரு பாடத்திற்கும் கரையில் ஒரு நாள் களவகுப்பு உண்டு. பாட மதிப்பெண்ணில் குறைந்தது 20 சதவீதம் அதற்குரியது, வராமல் இருக்க இயலாது. தனிப் பயணங்களுக்கு முன்பதிவு செய்யும் முன் களவகுப்புத் தேதிகளை நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். கப்பல் புறப்படுவதற்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே அனைவரும் ஏறியிருக்க வேண்டும். தாமதமாக வருகிறவர் அடுத்த துறைமுகத்தில் சில மணி நேரம் இறங்க முடியாமல் கப்பலிலேயே இருத்தப்படுவார். முற்றிலும் தவறவிட்டவர் தன் சொந்தச் செலவில் அடுத்த துறைமுகத்தை அடைய வேண்டும். கடைசி நாளில் விமானத்தையோ நீண்ட தூர ரயிலையோ நம்பித் திரும்பும் திட்டம் வேண்டாம்.

அறைத்தோழருடன் முதல் நாளிலேயே விளக்கு அணைக்கும் நேரத்தைப் பேசி முடித்துவிடுங்கள்; சிறிய அறையில் பின்னர் பேசுவது கடினம். நடைக்கூடங்கள் கடல்களின் பெயரால் குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, கடல் ஒலிம்பிக்ஸ் நாளில் ஒன்றோடொன்று போட்டியிடும். நிலநடுக்கோட்டைக் கடக்கும் நெப்டியூன் நாளில் பலர், பெண்கள் உட்பட, தலையை மழித்துக்கொள்கிறார்கள்; விருப்பமில்லாதவர் வேடிக்கை பார்க்கலாம். பேராசிரியர்களும் அதே உணவுக்கூடத்தில் உண்பதால், தயங்காமல் அவர்கள் மேசையில் அமருங்கள். சைவ உணவு கிடைக்கும், ஆனால் உருளைக்கிழங்கும் பாஸ்தாவும் அடிக்கடி வரும். மூடி முத்திரையிட்ட பருப்புப் பொடி ஒன்றிரண்டு பொட்டலம் கொண்டுவரலாம், பழங்களைக் கரைக்கு எடுத்துச் செல்லாதீர்கள். உணவுக்கு முன் சோப்பால் கைகழுவுங்கள்: நெருங்கி வாழும் கப்பலில் பரவி, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரசுக்கு எதிராக ஆல்கஹால் திரவம் போதுமானதல்ல.

பயணம் முழுவதும் ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டம், கட்டுரைகள், களவகுப்பு அறிக்கை ஆகியவற்றின் நகலைச் சேர்த்து வையுங்கள். மதிப்பெண் பட்டியலைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் வழங்கும். ஆனால் அந்தக் கிரெடிட்டுகளை எந்தப் பாடத்திற்கு ஈடாக ஏற்பது என்பதை உங்கள் சொந்தக் கல்லூரியின் துறைதான் முடிவு செய்யும். அதற்கான எழுத்துபூர்வ ஒப்புதலைப் பயணத்திற்கு முன்பே வாங்கிக்கொண்டால், திரும்பியபின் ஒரு பருவம் பின்தங்கும் நிலை வராது.