சோதனை வரும் நேரத்தை நாம் தவறாகக் கணக்கிடுகிறோம்

ஜெபக் கூடுகை முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகும் ஒருவர் மட்டும் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் போய் அமர்ந்தால் மெல்லிய குரலில் சொல்வார்: "மறுபடியும் விழுந்துவிட்டேன். இந்த முறை நிச்சயம் ஜெயிப்பேன் என்றுதான் நினைத்தேன்." வாலிபருக்கான வேதபாட வகுப்பை நடத்துகிறவன் என்ற முறையில் இந்த வார்த்தைகளைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கு முன்பு பல வருடங்கள் நானே சொல்லியிருக்கிறேன். அப்படிச் சொல்கிறவர்களுக்குத் தேவனிடம் அன்பு இல்லாமல் இல்லை, ஜெபமும் இருக்கிறது. ஆனால் திருடன் உள்ளே வந்து உட்கார்ந்த பிறகுதான் கதவைத் தாழிடப் போகிறார்கள். நாம் வழக்கமாகச் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன.

எண்ணம் வந்ததையே பாவமாக நினைப்பது

தமிழில் 'சோதனை' என்ற ஒரே சொல் பரீட்சையையும் குறிக்கிறது, பாவத்தின் பக்கம் இழுக்கும் இழுப்பையும் குறிக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லான 'பெய்ராஸ்மோஸ்' என்பதற்கும் இந்த இரண்டு பொருளும் உண்டு. யாக்கோபு நிருபத்தின் முதல் அதிகாரத்தில் இரண்டுமே வருகின்றன. 2ஆம் வசனத்தில் சோதனைகளில் அகப்படும்போது அதைச் சந்தோஷமாக எண்ணச் சொல்கிறவர், 13ஆம் வசனத்தில் "நான் தேவனால் சோதிக்கப்படுகிறேன்" என்று எவனும் சொல்லக்கூடாது என்கிறார்.

எந்தப் பொருளில் எடுத்தாலும், சோதிக்கப்படுவது பாவமாகாது. இயேசு "நம்மைப்போல் சோதிக்கப்பட்டும், பாவமில்லாதவராயிருக்கிற" பிரதான ஆசாரியர் என்கிறது எபிரெயர் 4:15. சோதிக்கப்படுவதே பாவமென்றால் இந்த வசனத்துக்கே இடமிருக்காது. இதை உணராதவர் ஆராதனையின் நடுவில் ஒரு கெட்ட நினைவு தலைகாட்டியதும் உடைந்துபோகிறார். 'இப்படி ஒரு எண்ணம் வருகிறதே, நான் என்ன விசுவாசி?' என்று தொடங்குகிறது. 'எப்படியும் மனதில் கெட்டுவிட்டேன், இனி செய்தால் என்ன?' என்று முடிகிறது. பொய்யான குற்றவுணர்வு மெய்யான பாவத்துக்குக் கதவைத் திறந்துவிடுவதை நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்து 399ஆம் ஆண்டு இறந்த எவாக்ரியுஸ் என்ற துறவி இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: எண்ணங்கள் வந்து நம்மை அலைக்கழிப்பது நம் கையில் இல்லை, அவை நமக்குள் தங்குவதா வேண்டாமா என்பது நம் கையில் இருக்கிறது.

கடைசிப் படியை மட்டும் காவல்காப்பது

இயேசுவின் சீஷனான பேதுரு எந்த இடத்தில் விழுந்தார் என்று வகுப்பில் கேட்டால், பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில் என்று எல்லோரும் சொல்வார்கள். வேலைக்காரப் பெண் கேட்டாள், அவர் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தார். ஆனால் மத்தேயு 26ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். "எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்று பேதுரு உறுதி சொன்னது அதே இரவில்தான். பிறகு கெத்செமனேயில், "சோதனைக்குட்படாதபடிக்கு விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள்" என்று ஆண்டவர் சொன்னபோது தூங்கினார். இயேசு கைதான பின்பு தூரத்திலே பின்தொடர்ந்தார். கடைசியில் சேவகரோடு உட்கார்ந்துகொண்டார். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் பாதி முடிந்துவிட்டது. ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா என்று ஆண்டவர் கேட்ட இடத்தில்தான் பேதுருவின் போராட்டம் இருந்தது. அவர் அதை முற்றத்தில் தேடினார்.

மாடியிலிருந்து பத்சேபாளைப் பார்த்து இச்சித்த தாவீது ராஜாவின் கதையும் அந்த மொட்டைமாடியில் தொடங்கவில்லை. ராஜாக்கள் யுத்தத்துக்குப் புறப்படும் காலம் வந்தபோது யோவாபை அனுப்பிவிட்டு அவர் எருசலேமில் இருந்துவிட்டார் என்று 2 சாமுவேல் 11 முதல் வசனத்திலேயே சொல்லிவிடுகிறது. இருக்கவேண்டிய இடத்தில் இல்லாத மனிதனுக்குச் சாயங்காலங்கள் நீளமானவை.

யாக்கோபு 1:15 இதற்குக் கர்ப்பத்தை உவமையாக எடுக்கிறது. இச்சை கர்ப்பந்தரித்துப் பாவத்தைப் பிறப்பிக்கிறது. கர்ப்பத்துக்கும் பிரசவத்துக்கும் நடுவே காலம் இருக்கிறது என்பதை நாம் கவனிப்பதில்லை.

என் அனுபவத்தையே சொல்கிறேன். இரவில் கைப்பேசியில் பார்க்கக்கூடாததைப் பார்க்கும் பழக்கம் எனக்கு நெடுநாள் இருந்தது. ஒவ்வொரு முறையும் அழுவேன், மன்னிப்புக் கேட்பேன், இரண்டு வாரத்தில் அதே இடத்துக்குத் திரும்புவேன். மூத்த சகோதரர் ஒருவர் ஒரு நோட்டுப்புத்தகம் போடச் சொன்னார். "விழுந்த நேரத்தை எழுதாதே. அதற்கு மூன்று மணி நேரத்துக்கு முன்பு என்ன நடந்தது என்று எழுது" என்றார். ஒரு மாதம் எழுதினேன். படித்துப் பார்த்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. இச்சையைப் பற்றி அதில் அதிகம் இல்லை. மேலதிகாரி எல்லோர் முன்பும் அவமானப்படுத்திய நாள், வீட்டில் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசாத நாள், தொடர்ந்து குறைவாகத் தூங்கிய நாள் என்றே இருந்தது. அந்த நாட்களிலெல்லாம் மாலையிலேயே மனதுக்குள் ஒரு வாக்கியம் ஓடியிருக்கிறது: 'இவ்வளவு பாடுபடுகிறேனே, எனக்கென்று ஒரு ஆறுதல் வேண்டாமா?' அதன்பிறகு கைப்பேசி தலையணைக்குப் பக்கத்தில் வந்தது, செய்தி பார்க்கிறேன் என்ற சாக்கு வந்தது. பதினொன்றரை மணிக்கு நான் போராடத் தொடங்கியபோது, ஏழு மணிக்கே விட்டுக்கொடுத்துவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து கைப்பேசியைப் பத்து மணிக்குக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அறைக்குப் போகிறேன். மனம் காயப்பட்ட நாளில் அதை அன்றைக்கே ஒருவரிடம் சொல்லிவிடுகிறேன். இது ஆவிக்குரிய காரியமாகத் தெரியவில்லையே என்று சிலர் கேட்பதுண்டு. சூரைச்செடியின் கீழ் 'போதும் கர்த்தாவே' என்று சாகத் துடித்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பிட வைத்தான், எலியா தூங்கினார், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். தேவன் பேசியது அதற்குப் பிறகு, ஓரேப் மலையில். களைத்த உடலை அலட்சியம் செய்துவிட்டு ஆவியைப் பெலப்படுத்தப் பார்ப்பதும் ஒரு தவறுதான்.

ஓடவேண்டிய இடத்தில் நின்று பேசுவது

"பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்" என்று யாக்கோபு 4:7 சொல்கிறது. வேசித்தனத்துக்கு விலகியோடச் சொல்கிறது 1 கொரிந்தியர் 6:18. பாலியத்துக்குரிய இச்சைகளுக்கும் விலகியோடவே 2 தீமோத்தேயு 2:22 சொல்கிறது. வேதம் எதிர்த்து நிற்கச் சொல்கிற இடத்தில் நாம் ஓடுகிறோம். ஓடச் சொல்கிற இடத்தில் நம் பெலத்தைப் பரீட்சை பார்க்கிறோம். 'தனியாகப் பேசினால் என்ன, நான் உறுதியாகத்தான் இருக்கிறேன்' என்பது அப்படிப்பட்ட பேச்சு. எஜமானின் மனைவி பிடித்து இழுத்தபோது யோசேப்பு வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதற்கு முன்புள்ள ஆதியாகமம் 39:10ஐயும் பாருங்கள். அவள் நித்தம் நித்தம் பேசியும், அவளோடு 'இருக்கவும்' அவர் சம்மதிக்கவில்லை. அந்த ஒரு சொல்லில் எத்தனை நாள் முன்னெச்சரிக்கை இருக்கிறது! கடைசி நாளில் கால்கள் ஓடியதற்குக் காரணம், அதற்கு முன்பே அவை ஒதுங்கிப் பழகியிருந்தன.

ஏவாள் சர்ப்பத்தோடு பேச்சை வளர்த்தாள். வனாந்தரத்தில் இயேசு பேச்சை வளர்க்கவில்லை. மூன்று சோதனைக்கும் மூன்று பதில்கள், மூன்றும் உபாகமத்தின் 6, 8ஆம் அதிகாரங்களிலிருந்து. ஆனால் வசனத்தைத் தாயத்துபோல உச்சரித்தால் போதும் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தேவாலயத்து உப்பரிகையின்மேல் சங்கீதம் 91ஐச் சொன்னவன் பிசாசு. வசனம் அவனுக்கும் மனப்பாடம். எந்த இடத்தில் எந்த அர்த்தத்தோடு எழுதப்பட்டது என்று தெரிந்தவரிடம்தான் அவன் தோற்றுப்போகிறான்.

கண்ணீரோடு தீர்மானம் எடுத்து, வீட்டைக் காலியாக விடுவது

எழுப்புதல் கூட்டத்தில் எடுக்கும் தீர்மானம் உண்மையானது. அந்தக் கண்ணீரை நான் மதிக்கிறேன். ஆனால் 'இனிச் செய்யமாட்டேன்' என்பதற்கு அடுத்த வரி இல்லாவிட்டால் அது நிற்காது. மத்தேயு 12இல் இயேசு சொன்ன வீடு பெருக்கி ஜோடிக்கப்பட்டதுதான், வெறுமையாகவும் இருந்தது. அதைவிட்டுப் போயிருந்த அசுத்த ஆவி வேறு ஏழு ஆவிகளோடு திரும்பி வந்தது. குடியை விட்டவர் குடித்த அந்த மாலை நேரத்தை எதைக்கொண்டு நிரப்பப்போகிறார்? யாரோடு இருக்கப்போகிறார்? இதை யோசிக்காத பொருத்தனையை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரு முறை ஜெயித்துவிட்டால் முடிந்தது என்றும் எண்ணவேண்டாம். பிசாசு இயேசுவையே "சிலகாலம்" விட்டுத்தான் விலகிப்போனான் என்கிறது லூக்கா 4:13.

யாருக்கும் தெரியாமல் போராடுவது

"உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்பது யாக்கோபு 5:16. நம்மில் பலர் இதைத் தேவனிடம் மட்டும் என்று திருத்தி வாசிக்கிறோம். கெட்டுப்போகும் நம் பெயரை நினைத்துத்தான் மறைக்கிறோம். அந்தப் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. ஒரு சகோதரனின் பலவீனம் 'ஜெபக் குறிப்பு' என்ற பெயரில் சபை முழுவதும் சுற்றிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். "அவருக்காக பாரத்தோடு ஜெபியுங்கள், விஷயம் என்னவென்றால்..." என்று தொடங்கும் பேச்சும் சோதனையில் விழுவதுதான். காம இச்சைக்கு அழுகிறவர்கள் புறங்கூறுதலுக்கு அழுவதில்லை, பயணச் செலவுக் கணக்கில் கொஞ்சம் கூட்டி எழுதியதற்கும் அழுவதில்லை. ஆகவே எல்லோரிடமும் சொல்லவேண்டாம். தன் தோல்வியையும் உங்களிடம் சொல்லத் துணிகிற ஒருவரைத் தேடுங்கள். விழுந்த பிறகு சொல்வதைவிட, இழுப்பு தொடங்கும்போதே "இன்று எனக்கு நாள் சரியில்லை" என்று ஒரு வரி அனுப்புவது நல்லது.

விழுந்த பிறகு தள்ளிப்போடுவது

ஒரு முறை விழுந்ததைவிட அதற்கடுத்த வாரம் அதிக சேதம் செய்கிறது. 'இந்த நிலையில் எப்படி ஜெபிப்பது, கொஞ்சம் சரியானதும் போகிறேன்' என்று வேதத்தை மூடிவைக்கிறோம், ஐக்கியத்துக்குப் போவதை நிறுத்துகிறோம். அந்த இடைவெளியில் இரண்டாவது, மூன்றாவது முறையும் நடந்துவிடுகிறது. சாத்தான் தள்ளிவிட்டான் என்று சொல்லிக்கொண்டாலும் சரி, நான் தகுதியற்றவன் என்று சொல்லிக்கொண்டாலும் சரி, இரண்டும் திரும்பிப் போகாமலிருக்க நாம் கண்டுபிடிக்கும் காரணங்கள்தான்.

பேதுரு குளிர்காய்ந்துகொண்டு மறுதலித்தது ஒரு கரிநெருப்பின் பக்கத்தில் என்று யோவான் 18:18 எழுதுகிறது. அதே யோவான் 21ஆம் அதிகாரத்தில், இரவெல்லாம் வலைபோட்டு ஒன்றும் அகப்படாமல் இருந்த பேதுரு, கரையில் நிற்பவர் கர்த்தர் என்று கேட்டதும் படகு வரும்வரை காத்திராமல் கடலில் குதிக்கிறார். கரையில் ஒரு கரிநெருப்பு எரிகிறது, அதன்மேல் மீன், பக்கத்தில் அப்பம். 'என்னை நேசிக்கிறாயா' என்று ஆண்டவர் மூன்று முறை கேட்கத்தான் போகிறார். ஆனால் அது அவர்கள் சாப்பிட்ட பிறகு. அதற்கு முன்பு அவர் சொன்னது, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்."