செருகல் விகாரிச் செடிகளைக் கொண்டு பரம்பரையலகின் தொழிலைக் கண்டறிவது எப்படி

ஒரு பரம்பரையலகு என்ன செய்கிறது என்று அறிய, அதைக் கெடுத்துவிட்டுச் செடியில் எது குறைகிறது என்று பார்ப்பதே நேர்வழி. கெடுக்கும் வேலையை அக்ரோபற்றீரியம் என்ற மண் பற்றீரியா செய்து தருகிறது. அதன் டி-டிஎன்ஏ துண்டு செடியின் நிறமூர்த்தத்தில் ஏதோ ஓரிடத்தில் செருகிக்கொள்ளும்; அப்படி மாறிய செடியே செருகல் விகாரி. அந்தத் துண்டின் தொடரொழுங்கு நமக்குத் தெரியும் என்பதால், எங்கே செருகியது என்பதையும் பிசிஆரால் (குறித்த டிஎன்ஏ துண்டைப் பெருக்கும் முறை) பிடிக்கலாம். பூவில் கேசரமும் சூல்வித்திலையும் உருவாகத் தேவையான ஏகமஸ் பரம்பரையலகு 1990 இல் இப்படித்தான் பிடிபட்டது.

கடுகுக் குடும்பச் சிறுசெடியான அரபிடொப்சிஸில் வேலை தொடங்குங்கள். சால்க் வரிசைகளின் (அமெரிக்காவின் சால்க் ஆய்வுநிலையம் உருவாக்கிய செருகல் விகாரிகள்) விதைகளை அமெரிக்காவின் ஒகையோ, இங்கிலாந்தின் நொட்டிங்காம் மையங்களில் கேட்டுப் பெறலாம். இவை மரபு மாற்றப்பட்ட விதைகள். இறக்குமதி அனுமதியை எடுத்த பிறகே அனுப்பச் சொல்லுங்கள். செருகல் எக்சனுக்குள் (பரம்பரையலகின் செய்தியில் எஞ்சும் பகுதி) இருக்கும் வரிசையைத் தேர்ந்தெடுங்கள். பரம்பரையலகை இயக்கும் ஊக்கிப் பகுதியிலோ முடிவுப் பகுதியிலோ இருந்தால் பரம்பரையலகு முழுதாகக் கெடாமல் போகலாம். ஒரே பரம்பரையலகில் வேறு வேறு இடத்தில் செருகிய இரண்டு வரிசைகளை முதல் நாளே கேளுங்கள். அதன் அருமை பின்னர் தெரியும்.

விதையை 70% எதனோலில் 1 நிமிடமும், வீட்டு வெளிற்றித் திரவமும் நீரும் சமஅளவு கலந்ததில் 10 நிமிடமும் வைத்து, வடித்த நீரில் ஐந்து தரம் கழுவுங்கள். அரைவலு எம்எஸ் (முராசிகே-ஸ்கூக்) போசணை ஊடகத்தில் 0.8% ஏகார் சேர்த்து விதைத்து, 4 பாகை குளிரில் 3 நாள் இருட்டில் வைத்த பின் 22 பாகையில், நாளுக்கு 16 மணிநேர வெளிச்சத்தில் வளருங்கள்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு விடயங்கள் ஆளை ஏமாற்றும். ஒன்று சூடு. 28 பாகையைத் தாண்டினால் சாதாரணச் செடியே இலைக்காம்பு நீண்டு, அவசரப்பட்டுப் பூக்கும். மின்வெட்டில் அறை சூடான ஒரு கிழமை போதும், அதை விகாரத்தின் குணம் என்று எழுதிவிடலாம். மற்றது கிணற்றுத் தண்ணீர். சுண்ணாம்புக்கல்லூடாக ஊறிய நீரில் கல்சியமும், தோட்ட உரத்தால் நைத்திரேற்றும் உண்டு. வேரை ஆராய்பவர்களுக்கு நைத்திரேற்று ஒரு பரிசோதனைப் பொருள். தெரியாமல் ஊற்றக் கூடாது. சட்டியில் வளர்த்தாலும் வடித்த நீரோ மழைநீரோ ஊற்றுங்கள். தும்புச்சோறு பாவித்தால் உப்புப் போக நன்றாகக் கழுவுங்கள்.

வந்த விதை கலப்பாக இருக்கலாம். ஒற்றைச் செருகலுள்ள இதரநுகச் செடியின் (இரு பிரதிகளில் ஒன்றில் மட்டும் செருகல்) பிள்ளைகளில் காற்பங்குதான் ஓரினநுகம் (இரு பிரதிகளிலும் செருகல்). 16 செடி வளர்த்தால் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 99%. சால்க் வரிசைகளில் செருகலோடு வரும் கனமைசின் (நுண்ணுயிர்கொல்லி மருந்து) எதிர்ப்பு பெரும்பாலும் அடங்கிப்போயிருக்கும்; மருந்து கலந்த தட்டை நம்பாமல் பிசிஆரையே நம்புங்கள்.

ஒரு சிறு இலையை 400 மைக்ரோலீற்றர் டிஎன்ஏ பிரித்தெடுக்கும் எட்வேட்ஸ் கரைசலில் அரைத்து, மையநீக்கி, மேற்திரவத்துக்குச் சமஅளவு ஐசோபுரொப்பனோல் சேர்த்து டிஎன்ஏயை வீழ்த்துங்கள். மூன்று பிரைமர் (பிசிஆர் எங்கே தொடங்க வேண்டும் என்று குறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) வேண்டும்: செருகலின் இருபுறமும் பரம்பரையலகில் ஒவ்வொன்று, செருகலின் இடது எல்லையில் ஒன்று. பக்கப் பிரைமர் இரண்டும் ஏறத்தாழ 1,000 காரச்சோடி பட்டையைத் தந்தால் அங்கே செருகாத எதிருரு (பரம்பரையலகின் ஒரு பிரதி) உண்டு. எல்லைப் பிரைமரும் ஒரு பக்கப் பிரைமரும் 400 முதல் 700 வரையான பட்டையைத் தந்தால் செருகல் உண்டு. இரண்டும் வந்தால் இதரநுகம். இரண்டாவது மட்டும் வந்தால் ஓரினநுகம்.

இங்கேதான் அதிகம் பிழைக்கிறார்கள். டிஎன்ஏ சுத்தமில்லாவிட்டால் நீண்ட பட்டை முதலில் தவறும். இதரநுகச் செடி ஓரினநுகமாகத் தோன்றும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சாதாரணச் செடியின் டிஎன்ஏயும் வெறும் நீரும் வையுங்கள். தெரிந்தெடுத்த செடியின் பிள்ளைகள் பத்தை மறுபடி சோதியுங்கள். எல்லாம் ஓரினநுகமாக வந்தால் மட்டும் தொடருங்கள்.

அடுத்து, பரம்பரையலகின் செய்தியான ஆர்என்ஏ உருவாகிறதா என்று பாருங்கள். செருகலைத் தாண்டும் பிரைமர்களால் ஆர்டி-பிசிஆர் (ஆர்என்ஏயை டிஎன்ஏயாக்கிப் பெருக்கும் முறை) செய்யுங்கள். எப்போதும் இயங்கும் அக்டின்2 பரம்பரையலகு ஒப்பீடாக இருக்கட்டும். பட்டை வந்தால் செருகல் இன்ட்ரோனோடு (செய்தியிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) வெட்டுண்டு போயிருக்கலாம்; பரம்பரையலகு இன்னும் வேலை செய்யக்கூடும்.

ஓரினநுகமே கிடைக்காவிட்டால் பச்சைக் காயைப் பிளந்து பாருங்கள். காற்பங்கு விதை வெளிறிச் சுருங்கியிருந்தால் அந்தப் பரம்பரையலகு முளையத்துக்கு இன்றியமையாததாக இருக்கலாம். மாறாக, எந்த வித்தியாசமும் தெரியாவிட்டால் ஒத்த பரம்பரையலகு ஒன்று ஈடுசெய்கிறதா என்று பார்த்து இரட்டை விகாரியை உருவாக்குங்கள், அல்லது உப்பிலும் வறட்சியிலும் சோதியுங்கள்.

வித்தியாசம் தெரிந்தாலும் உடனே பெயர் சூட்டாதீர்கள். ஒரு வரிசையில் வேறு செருகல்களும் மறைந்திருக்கலாம். ஒரே தாய்ச்செடியின் செருகலற்ற பிள்ளைகளோடு ஒரே தட்டில் ஒப்பிடுங்கள். நீங்கள் கேட்டு வைத்த இரண்டாவது வரிசையும் அதே குறையைக் காட்ட வேண்டும். கடைசியாக, கெடாத பரம்பரையலகை அதன் சொந்த ஊக்கியோடு விகாரிக்குள் திருப்பி வையுங்கள். பூங்கொத்தை அக்ரோபற்றீரியம் கலந்த 5% சுக்குரோஸ், 0.02% சில்வெற் (ஈரமாக்கும் பொருள்) கரைசலில் சில செக்கன் தோய்த்தால் போதும். ஆனால் சால்க் வரிசை ஏற்கெனவே கனமைசின் எதிர்ப்பை ஏந்தியிருக்கிறது; அது எல்லாவற்றிலும் அடங்கியிருக்கும் என்று நம்ப முடியாது. புதிதாகச் செருகுவதற்கு ஐக்குரோமைசின் என்ற வேறு மருந்துக்கு எதிர்ப்புள்ள காவியை (பரம்பரையலகை ஏந்திச் செல்லும் டிஎன்ஏ) தேர்ந்தெடுங்கள், இல்லையேல் மாறிய செடியையும் மாறாத செடியையும் பிரிக்க வழியிராது.