காரணம் தெரியாத ஆண் குழந்தையின்மை: மரபணுப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விந்துப் பரிசோதனையில் எண்ணிக்கை, நகரும் திறன், வடிவம் மூன்றும் சரியாக இருந்துவிட்டால் கணவரிடம் குறையே இல்லை என்று முடிவுகட்டி, அதன்பின் மனைவியை மட்டும் ஸ்கேனுக்கும் ஊசிக்கும் அலைய விடுகிறோம். இது மனைவிக்குச் செய்யும் அநீதி. மருத்துவ ரீதியாகவும் பிழை. விந்தணுவின் வாலில் கால்சியத்தை உள்ளே விடும் ‘கேட்ஸ்பர்’ என்ற புரதவழி மரபணுக் கோளாறால் பழுதுபட்டிருந்தாலும், நுண்ணோக்கியின்கீழ் அணுக்கள் நன்றாக நீந்துவதாகவே தெரியலாம். ஆனால் கருமுட்டையின் உறையைத் துளைக்கத் தேவையான வேகமான வால்வீச்சு அவற்றுக்கு வராது. வழக்கமான பரிசோதனை இதைக் காட்டிக்கொடுப்பதில்லை.

இதைவிடக் கவலை தருவது, விந்தணுவே இல்லாதவர்களும் மிகக் குறைவாக உள்ளவர்களும் மரபணுப் பரிசோதனை ஏதும் செய்யாமல் நேராக இக்ஸி சிகிச்சைக்கு (ஒரு விந்தணுவைக் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தும் முறை) போவதுதான். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறக்குறைய 600 பேரில் ஒருவருக்கு இருக்கும், கூடுதல் எக்ஸ் குரோமோசோமால் வரும் கிளைன்ஃபெல்டர் நிலையைக் குரோமோசோம் பரிசோதனை கண்டுபிடித்துவிடும். ஒய் குரோமோசோமில் சிறு பகுதி விடுபட்டிருக்கிறதா என்பதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். அந்த அறிக்கையில், விந்தணு உற்பத்திக்குத் தேவையான ஒய் குரோமோசோம் பகுதியைக் குறிக்கும் ‘ஏஇசட்எஃப்’ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் ஓர் எழுத்தில்தான் முடிவே இருக்கிறது. ‘ஏ’ அல்லது ‘பி’ பகுதி முழுமையாக இல்லையென்றால் விதையிலிருந்து அறுவை சிகிச்சை மூலம் விந்தணு கிடைக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. அந்தச் செலவையும் வலியையும் தவிர்த்துவிடலாம். ‘சி’ பகுதி மட்டும் இல்லையென்றால் ஏறத்தாழ பாதிப்பேருக்கு விந்தணு கிடைக்கிறது. ஆனால் பிறக்கும் மகனுக்கும் அதே குறை போகும். இதைத் தம்பதியர் சிகிச்சைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

விந்தின் அளவு குறைவாகவும் அமிலத்தன்மையுடனும் இருந்தால், விதையிலிருந்து விந்தணுவைக் கொண்டுவரும் குழாயான விந்துநாளம் பிறவியிலேயே இல்லையா என்று மருத்துவர் கையால் தொட்டுப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடுவார். நாளம் இல்லையென்றால், இதற்குப் பெரும்பாலும் காரணமாகும் சிஎஃப்டிஆர் மரபணுவைக் கணவருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் பார்க்க வேண்டும்; இருவரிடமும் குறை இருந்தால் குழந்தைக்கு, நுரையீரலையும் செரிமானத்தையும் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோய் வரக்கூடும்.

முடிவுகள் வரும்வரை ‘ஆண்மை கூட’ என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வதை அடியோடு தவிர்க்க வேண்டும். அது மூளையிலிருந்து விதைக்கு வரும் ஹார்மோன் தூண்டுதலை நிறுத்தி, இருக்கும் உற்பத்தியையும் முடக்கிவிடும்.

பெற்றோர் சொந்தத்தில் திருமணம் செய்தவர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்படுவோர் பலர். தாய்மாமன், அத்தை மகன் உறவில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள தமிழகத்தில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்து சேரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், அந்தத் தகவல் எந்தப் பரிசோதனையைச் செய்வது என்பதையே மாற்றக்கூடியது.

குரோமோசோம் சரியாக இருந்தால் மரபணுக் காரணமே இல்லை என்று நினைப்பதும் தவறு. குரோமோசோம் பரிசோதனை பெரிய மாற்றங்களை மட்டுமே காட்டும். ஹைதராபாத்தில் உள்ள சிசிஎம்பி உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் இந்திய ஆண்களின் குழந்தையின்மையோடு தொடர்புடைய எட்டு மரபணுக்களை அறிவித்ததே 2022இல்தான். விரிவான மரபணு அறிக்கையில் ‘பொருள் உறுதியாகாத மாற்றம்’ (நோய் தருமா, தராதா என்று இன்னும் தெரியாதது) என்று வந்தால் அதை நோய்க் காரணமாக எடுத்துக்கொண்டு கலங்க வேண்டாம். அறிக்கையைப் பத்திரப்படுத்தி, சில ஆண்டுகள் கழித்து மரபணு ஆலோசகரிடம் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.