கடலோர வீட்டுச் சினிமா அறைக்குப் பெரிய டிவி: கட்டுப்படியாகும் விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில், வீட்டு மாடியில் ஓர் அறையைப் படம் பார்ப்பதற்கென்றே ஒதுக்கி, அதற்கு ஒரு பெரிய டிவி வாங்க நினைப்பவர்களுக்கான கட்டுரை இது. கடைக்குப் போனதும் பெரும்பாலோர் கேட்பது ‘எத்தனை இன்ச், என்ன விலை’ என்பதைத்தான். குறைந்த பணத்தில் திரையரங்கின் நிறைவு வேண்டுமானால், இன்ச்சுக்கு முன்னால் திரையில் கறுப்பு எவ்வளவு கறுப்பாகத் தெரிகிறது என்பதையும், அதற்கும் முன்னால் அந்த அறை எவ்வளவு இருட்டாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். உப்புக்காற்றும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமும் இந்தக் கரையில் டிவியின் ஆயுளைத் தீர்மானிப்பதால், அவற்றுக்கான செலவையும் தொடக்கத்திலேயே விலையோடு சேர்த்துவிடுவது நல்லது. கையில் உள்ள தொகையில் முக்கால் பங்கை மட்டும் டிவிக்கு ஒதுக்கி, மீதியை ஒலிக்கும் திரைச்சீலைக்கும் மின்பாதுகாப்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

அளவு

உட்காரும் இடத்திலிருந்து டிவி வரப்போகும் சுவர் வரை உள்ள தூரத்தை இன்ச் டேப்பால் அளந்துகொள்ளுங்கள். அந்த அளவை 1.6 ஆல் வகுத்தால் வருவது, படம் கண்ணுக்கு ஏறத்தாழ 30 பாகை அகலத்தில் தெரியும் திரையின் அளவு, 1.2 ஆல் வகுத்தால் வருவது 40 பாகை அகலத்தில் தெரியும் திரையின் அளவு. சினிமா பார்க்க இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட எதுவும் பொருந்தும். சோபாவிலிருந்து சுவர் 8 அடி, அதாவது 96 இன்ச் தூரம் என்றால், 60 முதல் 80 இன்ச் வரை வாங்கலாம் என்று கணக்கு சொல்கிறது. கடையில் கிடைக்கும் அளவுகளில் 65 அதற்குள் வசதியாக அமையும், 75 தாராளமாக இருக்கும். 55 இன்ச் அந்தத் தூரத்துக்குச் செய்தி பார்க்கப் போதுமே தவிர, சினிமா அறைக்குப் போதாது.

திரை 16க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கிறது. அகலத்திரைப் படங்களோ பெரும்பாலும் 2.39க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்படுகின்றன. அத்தகைய படத்தைப் போட்டால், மேலும் கீழுமாகத் திரையின் உயரத்தில் கால் பங்கு கறுப்புப் பட்டையாகவே நிற்கும். மலிவான திரையில் அந்தப் பட்டைகள் இருட்டறையில் சாம்பல் நிறத்தில் மினுங்கிக்கொண்டே இருப்பதால், இரண்டரை மணி நேரப் படத்தில் கண் அங்கேயே போய்க்கொண்டிருக்கும். இன்ச்சைவிடக் கறுப்பை முன்னே வைப்பதற்குக் காரணம் இதுதான்.

சுவரில் மாட்டும்போது, அமர்ந்திருப்பவரின் கண் மட்டம் திரையின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். சோபாவில் அமர்பவருக்குக் கண் தரையிலிருந்து சுமார் மூன்றரை அடி உயரத்தில் இருக்கும். 65 இன்ச் திரையின் உயரம் 81 செ.மீ. அளவு. ஆகவே அடி விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருந்தால் சரியாக வரும். பாய் விரித்துத் தரையில் அமரும் வீடு என்றால் இன்னும் இறக்குங்கள். அலமாரிக்கு மேலே, சாமி படத்தின் உயரத்துக்கு டிவியை ஏற்றிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை.

வெளிச்சம்

கடலைப் பார்த்த அறையில் நேர் வெயில் விழாவிட்டாலும், மணலிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும் வெளிச்சம் கூரை வரை ஏறும். அதைச் சோதிக்கக் கருவி எதுவும் வேண்டாம். முற்பகலில் உங்கள் கைபேசியின் திரையை அணைத்து, டிவி வரப்போகும் இடத்தில் சுவரோடு சேர்த்து ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீங்கள் சோபாவில் அமர்ந்து பாருங்கள். அந்தக் கறுப்புக் கண்ணாடியில் சன்னல் சட்டம் தெளிவாகத் தெரிந்தால், டிவியிலும் அப்படியே தெரியும். அந்த நிலையில் சன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுவிட்டுப் பக்கச் சுவருக்கு டிவியை மாற்றலாம். முடியாவிட்டால் வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலை போடலாம். சில ஆயிரம் ரூபாய்ச் சீலை தரும் கறுப்பைப் பெற, வெளிச்சமான அறையில் டிவிக்குப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கும். டிவிக்குப் பின்னால் உள்ள சுவருக்குப் பளபளப்பில்லாத அடர் நிறம் பூசுவதும் உதவும்.

திரையின் வகை

கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பவை எல்லாம் பின்னால் எல்இடி விளக்கு எரியும் எல்சிடி திரைகளே. கியூஎல்இடி என்று பெயர் போட்டிருந்தாலும் அதுவும் இந்த வகைதான், நிறங்கள் மட்டும் சற்று அடர்த்தியாக இருக்கும். இவற்றுள் விஏ, ஐபிஎஸ் என்று இரண்டு வகைத் தகடுகள் (பேனல்கள்) உண்டு. விஏ தகட்டில் வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வேறுபாடு பொதுவாக 3,000க்கு 1 என்ற அளவிலும் அதற்கு மேலும் இருக்கும்; ஐபிஎஸ் தகட்டில் ஏறத்தாழ 1,000க்கு 1 தான். பக்கவாட்டில் அமர்ந்து பார்க்கும்போது நிறம் வெளுக்காமல் இருப்பது ஐபிஎஸ்ஸின் சிறப்பு. குடும்பமே அகலமாக உட்கார்ந்து பார்க்கும் கூடத்துக்கு அது ஏற்றது. இருட்டாக்கிய தனி அறைக்கு விஏ தகட்டையே வாங்குங்கள். இருக்கைகளைத் திரைக்கு நேராக நெருக்கிப் போட்டுக்கொண்டால் அதன் குறை பெரிதாகத் தெரியாது.

விஏ தகட்டோடு, பின்விளக்குகளைப் பகுதி பகுதியாக மங்கச் செய்யும் ‘லோக்கல் டிம்மிங்’ வசதியும் கிடைத்தால் அதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகும். மினி எல்இடி என்பது அந்தப் பகுதிகளை நூற்றுக்கணக்கில் பெருக்கிய வடிவம். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையும் ஓஎல்இடி திரைக்குக் கறுப்பில் ஈடில்லை என்றாலும், அதன் விலைக்கு ஓர் அளவு பெரிய மினி எல்இடி டிவியும் நல்ல சவுண்ட்பாரும் சேர்த்து வாங்கிவிடலாம். போதாக்குறைக்கு, நாள் முழுவதும் செய்திச் சேனல் ஓடும் வீட்டில் அடியில் ஓடும் எழுத்துப் பட்டையும் சேனல் முத்திரையும் ஓஎல்இடியில் நிரந்தரத் தடமாகப் படியும் அபாயமும் உண்டு.

4கே தெளிவு இன்று பெரிய திரை அனைத்திலும் வந்துவிடுகிறது, 8கே வேண்டியதில்லை. வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் முறையான எச்டிஆர் என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. 300 நிட் (நிட் என்பது திரை ஒளிர்வின் அலகு) அளவே ஒளிரும் திரை அந்தச் சமிக்ஞையை வாங்கிக்கொள்ளும், ஆனால் காட்ட இயலாது. 600 நிட்டுக்கு மேல் ஒளிர்ந்தால்தான் வேறுபாடு கண்ணில் படும். சினிமா நொடிக்கு 24 சட்டங்களாக (ஃபிரேம்களாக) ஓடுவது. நொடிக்கு 120 முறை படத்தைப் புதுப்பிக்கும் 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டத்துக்கு ஐந்து முறை என்று அது சமமாகப் பிரியும். 60 ஹெர்ட்ஸ் திரையில் சமமாகப் பிரியாததால், கேமரா மெதுவாக நகரும் காட்சிகளில் சிறு தயக்கம் தெரியும். பணம் இடம் கொடுத்தால் 120 வாங்கலாம், இல்லையென்றால் 60 ஹெர்ட்ஸுக்கே பழகிக்கொள்ளலாம்.

கடையில் பார்ப்பது

ஷோரூமில் எல்லா டிவியும் கண்ணைப் பறிக்கும் ‘விவிட்’ அமைப்பில் ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டை வாங்கி ‘மூவி’ அல்லது ‘ஃபிலிம்மேக்கர்’ அமைப்புக்கு மாற்றச் சொல்லுங்கள். இரவுக் காட்சிகள் நிறைந்த ஒரு படத் துண்டைப் பென்டிரைவில் எடுத்துப் போய், அதை ஓடவிட்டு ஒரு பக்கமாக நகர்ந்து நின்று பாருங்கள். கறுப்பு முழுவதும் வெளுத்துப் பால் கலந்ததுபோல் ஆனால் அது பெரும்பாலும் விஏ தகடு, நேரே நின்று பார்க்கும்போதே கறுப்பு சாம்பலாக இருந்தால் ஐபிஎஸ். ஒரே மாடல் எண்ணில் இரண்டு வகைத் தகடும் வருவதுண்டு என்பதால் இணையத்தில் படித்த விமர்சனத்தை மட்டும் நம்பிவிட முடியாது. அடுத்து ஒரு கிரிக்கெட் ஆட்டத்தைப் போடச் சொல்லி, பந்தைத் துரத்திக் கேமரா மைதானத்தின் மேல் ஓடும்போது புல்லின் பச்சையைக் கவனியுங்கள். படம் நகர, அழுக்குத் துணியால் துடைத்ததுபோல் சில கறைகள் மட்டும் நகராமல் அதே இடத்தில் நின்றால், அந்தத் தகட்டில் ஒளி சீராக இல்லை என்று அறியலாம்.

விலையைப் பொறுத்தவரை, சாதாரண 65 இன்ச் 4கே டிவி அரை லட்சம் ரூபாயைச் சுற்றிக் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய விலையை அடித்துக் காட்டித் தள்ளுபடி என்று சொன்னால், குறைந்தது வரியா லாபமா என்று கேளுங்கள். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளியை ஒட்டியும், முந்தைய ஆண்டு மாடல் கையிருப்பில் இருந்தால் அதைப் பேரம் பேசி வாங்குவதே சிக்கனம். ஓர் ஆண்டில் தகட்டின் தரம் பெரிதாக மாறிவிடுவதில்லை.

விலையை முடிக்கும் முன் சர்வீஸைப் பற்றி விசாரிக்க வேண்டும். ராமநாதபுரத்தில் அந்த நிறுவனத்துக்கு மெக்கானிக் இருக்கிறாரா, அல்லது மதுரையிலிருந்துதான் வர வேண்டுமா, பாம்பன் பாலம் தாண்டி ராமேசுவரம் வரை வீட்டுக்கே வருவாரா என்று கேட்டு, முடிந்தால் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஆயிரம் இரண்டாயிரம் குறைவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத டிவி, தகடு பழுதானால் பாகம் கிடைக்காமல் சுவரில் வெறுமனே தொங்கும். வளைகுடாவில் வேலை பார்க்கும் உறவினர் வரும்போது எடுத்து வரச் சொல்லும் பழக்கத்திலும் இப்போது ஆதாயம் குறைவு: 2013 ஆகஸ்ட் 26 முதல் பயணிகள் கொண்டுவரும் தட்டைத்திரை டிவிகள் வரியில்லாச் சலுகையிலிருந்து நீக்கப்பட்டன. அங்கே தந்த உத்தரவாதம் இங்கே பொதுவாகச் செல்லாது என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

உப்பு

கடலோர வீட்டின் சன்னல் கண்ணாடியில் விரலை வைத்து இழுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அந்த உப்புப் படலம்தான் டிவியின் முதுகில் உள்ள காற்றுத் துளைகள் வழியே உள்ளே போய்ச் சுற்றுப் பலகையில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அந்த ஈரம் மின்சாரத்தைக் கடத்துவதோடு, சாலிடர் இணைப்புகளையும் அரிக்கும். ஆகவே டிவி உள்ள அறையில் கடல் பக்கச் சன்னலைச் சாத்தி வைப்பதும், ஆடியில் கச்சான் காற்று மணலை வாரி வரும்போது வாயிற்கதவின் அடி இடுக்கையும் அடைப்பதும் அவசியம். நெடுநாள் ஊருக்குப் போவதாக இருந்தால் தவிர, டிவியைக் கனத்த துணியால் மூடி ஈரத்தை உள்ளே சிறைப்படுத்த வேண்டாம். அன்றாடம் சிறிது நேரம் ஓடும் டிவி தன் சூட்டிலேயே ஈரத்தை உலர்த்திக்கொள்ளும்.

ஏசி அறையில் வேறொரு சங்கதி இருக்கிறது. வெளியே 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 26 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளின் மேலும் பனி படியும். 24இல் ஏசி ஓடிய அறையில் ஏசியை நிறுத்திய கையோடு சன்னலைத் திறந்தால், டிவியின் கண்ணாடியும் உள்ளிருக்கும் உலோகமும் வியர்த்துவிடும். அறை மெல்லச் சூடேறும் வரை சன்னலைத் திறக்காதீர்கள். திறந்துவிட்டால் டிவியை உடனே போடாதீர்கள்.

துடைக்கும்போது உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்புத் துகளே திரையைக் கீறும். மெல்லிய மைக்ரோஃபைபர் துணியை, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் லேசாக நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுத்து, உடனே உலர்த் துணியால் துடையுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் தெளிக்கவே கூடாது.

சுவரையும் பார்த்துக்கொள்ளுங்கள். உப்புப் பூத்துப் பொரிந்த பூச்சிலும் சுண்ணாம்புக் காரைச் சுவரிலும் ஆங்கர் போல்ட் பிடிக்காது. அங்கே மேசை மேல் வைப்பதே பாதுகாப்பு. கான்கிரீட் சுவர் என்றால், பெட்டியோடு வரும் இரும்புப் போல்ட்டை விட்டுவிட்டு, விசைப்படகு வேலைக்குப் பயன்படும் 316 ரக எஸ்.எஸ். போல்ட்டை வாங்கிப் போடச் சொல்லுங்கள்.

மின்சாரம்

பெரிய டிவிகளுள் பலவும் 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளித்துக்கொள்ளும் என்று முதுகில் உள்ள லேபிளில் எழுதியிருக்கும். அப்படியானால் குறைந்த வோல்டேஜுக்காக ஸ்டெபிலைசர் தேவையில்லை. தேவைப்படுவது அதிக வோல்டேஜிலிருந்து காப்பு. கம்பத்தில் உப்பரித்த நியூட்ரல் இணைப்பு காற்றில் அறுந்தால், 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கும் மின்சாரம் வந்துவிடும். அதிக வோல்டேஜில் தானே துண்டித்து, மின்சாரம் திரும்பியதும் சில நிமிடம் பொறுத்து இணைக்கும் டிவி ஸ்டெபிலைசரும், வீட்டின் மின்பகிர்வுப் பெட்டியான டிபி பாக்ஸில் மின்னல் அதிர்ச்சியைத் தாங்கும் எஸ்பிடியும் இருந்தால் போதும். எஸ்பிடி வேலை செய்ய நல்ல எர்த் வேண்டும். மேட்டு மணலில் எர்த் குழி காய்ந்துவிடும், கரையோரத்தில் உவர்நீர் குழாயை அரித்துவிடும். ஆகவே எலக்ட்ரீசியனிடம் ஆண்டுக்கொரு முறை அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது. டிஷ் கேபிளையும் இணையக் கேபிளையும் சேர்த்துக் கழற்ற வேண்டும்.

மின்கட்டணத்துக்குப் பயப்பட வேண்டாம். 150 வாட் இழுக்கும் டிவி நாளுக்கு மூன்று மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 27 யூனிட்தான் வரும்.

ஒலியும் இணையமும்

டிவியின் சொந்த ஒலிபெருக்கிகள் பெரிய அறைக்கு எடுபடா. நடு ஒலிபெருக்கி தனியாக உள்ள 3.1 சவுண்ட்பார் வசனத்தைத் தெளிவாகத் தரும். அதை இணைக்க டிவியில், ஒலியைச் சவுண்ட்பாருக்கு அனுப்பும் இஏஆர்சி வசதி உள்ள எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா என்று பாருங்கள். டைல்ஸ் தரையில் எதிரொலி அதிகமாக இருந்தால் கனத்த விரிப்பு போடுங்கள். 4கே படம் தடையின்றி ஓட நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும். வைஃபையை நம்பாமல் லேன் கேபிளை அறை வரை இழுத்துவிடுவது மேல்.

பணம் கட்டுமுன் மாடிப்படியின் திருப்பத்தை அளந்துகொள்ளுங்கள். 75 இன்ச் டிவியின் பெட்டி ஏறக்குறைய 6 அடி நீளம் இருக்கும். அதைப் படுக்க வைத்துத் தூக்கக் கூடாது. வந்து மாட்டிய அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரையிலும் ஒற்றை நிறத்தைப் போட்டுச் செத்த புள்ளி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், மாற்றிக் கொடுக்கும் கெடு சில நாட்களே இருக்கும். பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மாகோலையும் உத்தரவாதக் காலம் முடியும் வரை பரணில் வைத்திருங்கள். தகடு மாற்ற டிவியை மதுரைக்கு அனுப்ப நேர்ந்தால் அந்தப் பெட்டி இல்லாமல் வண்டியில் ஏற்ற முடியாது.