பயோஸ் அப்டேட் பாதியில் நின்றதா? எழும்பாத கொம்பியூட்டரை எழுப்பும் வழி

மார்கழி மழை கொட்டிக்கொண்டிருந்த ஓர் இரவு, கல்லடிப் பக்கத்துத் தம்பி ஒருவன் சிபியூவை உரப்பையில் சுற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். கொம்பியூட்டரை எழுப்பிவிடும் அடிப்படைப் புரோகிராமான பயோஸுக்கு அப்டேட் போட்டிருக்கிறான். அறுபது வீதத்தில் கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்தபோது ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மொனிட்டர் மட்டும் கறுப்பு. "போர்ட் செத்துப் போச்சாம் அண்ணே, புதுசு வாங்கட்டாம். உண்மையா?" என்றான்.

பெரும்பாலும் உண்மையில்லை. மதர்போர்ட்டில் சுண்டுவிரல் நகத்தை விடச் சிறிய, எட்டுக் கால் உள்ள சிப் ஒன்று இருக்கும். பயோஸ் அதற்குள்தான் கிடக்கிறது. அப்டேட் என்றால் பழையதை அழித்துப் புதியதை எழுதுவது. இங்கே அழித்தாகிவிட்டது, எழுதி முடியவில்லை. சிப்புக்கு ஒன்றுமில்லை, உள்ளே இருப்பதுதான் அரைகுறை.

முதல் படி: ஒன்றும் செய்யாதீர்கள்

பகிடி இல்லை. டிடிஆர் 5 ரெம் உள்ள புதிய போர்ட்கள் அப்டேட்டுக்குப் பிறகு முதல் தடவை ரெம்மைப் பழக்கப்படுத்திக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பயந்துபோய் சுவிட்சை அமத்தி, நன்றாக இருந்ததைக் கெடுத்தவர்களும் இருக்கிறார்கள். தேத்தண்ணி ஒன்று குடித்துவிட்டு வாருங்கள். அரை மணித்தியாலம் ஆகியும் அசைவில்லை என்றால் மட்டும் அடுத்ததுக்குப் போங்கள்.

இரண்டாம் படி: சீமொஸ் அழிப்பது

சீமொஸ் என்பது பயோஸின் செட்டிங்குகள் கிடக்கும் இடம். பிளக்கைச் சுவரில் இருந்து கழற்றுங்கள். பவர் பட்டனை பத்து விநாடி அமத்திப் பிடித்து, மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். போர்ட்டில் இருக்கும் வட்ட பட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அது சீஆர் 2032, மூன்று வோல்ட், மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும். கடற்கரை ஓரம் இருப்பவர்கள் பட்டரி இருந்த குழியையும் பாருங்கள். உப்புக்காற்று பட்டுப் பச்சை பிடித்திருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். அழிவது செட்டிங்குகள் மட்டும்தான், உடைந்த பயோஸ் இதனால் திருந்தாது. ஆனாலும் செட்டிங் குழப்பத்தால் எழும்பாமல் கிடப்பவை இதோடு எழும்பிவிடும். செலவில்லாத வேலை, செய்துதான் பார்ப்போமே.

மூன்றாம் படி: போர்ட் தானே எழுதும் வழி

கொம்பியூட்டரின் பின்பக்கம் யூஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் சின்ன பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஆசூஸ் அதைப் பயோஸ் பிளாஷ்பேக் என்கிறது, எம்எஸ்ஐ பிளாஷ் பயோஸ் பட்டன் என்கிறது, கிகாபைட் கியூ பிளாஷ் பிளஸ் என்கிறது. மூன்றும் ஒரே வேலைதான்: புரொசெசரும் ரெம்மும் இல்லாமலே பென் டிரைவில் இருந்து பயோஸை எழுதிவிடும்.

வேறு கொம்பியூட்டரில் போர்ட் கம்பனியின் தளத்துக்குப் போய் உங்கள் மொடலுக்குரிய கோப்பை இறக்குங்கள். மொடல் பெயரை அட்டைப்பெட்டியில் பார்க்காமல் போர்ட்டிலேயே பாருங்கள். கிகாபைட் என்றால் மூலையில் அச்சடித்திருக்கும் ரிவிஷன் எண்ணும் பொருந்த வேண்டும். பென் டிரைவை ஃபாட் 32 ஆக போர்மட் செய்து, கோப்பை சிப்பில் இருந்து பிரித்தெடுத்து, எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல் வெளியே வையுங்கள். இங்கே சிப் என்பது சுருக்கிய கோப்பு, போர்ட்டில் இருக்கும் சிப் இல்லை! பெயரையும் மாற்ற வேண்டும். எம்எஸ்ஐக்கு கம்பனிப் பெயரே, புள்ளிக்குப் பிறகு ரொம் (MSI.ROM). கிகாபைட்டுக்கு கம்பனிப் பெயர், புள்ளிக்குப் பிறகு பின் (GIGABYTE.bin). எல்லாம் ஆங்கில எழுத்தில். ஆசூஸுக்கு மொடலுக்கு ஒரு பெயர். மாற்றித்தரும் சின்ன புரோகிராம் அதே கோப்போடு வரும்.

பவர் சப்ளையின் 24 பின் வயரும் புரொசெசருக்குப் போகும் 8 பின் வயரும் செருகியிருக்கட்டும். அடையாளமிட்ட யூஎஸ்பி துளையில் பென் டிரைவைப் போட்டு, பட்டனை மூன்று விநாடி அமத்துங்கள். விளக்கு மின்னத் தொடங்கும். நாங்கள் செய்தபோது நாலைந்து தரம் மின்னிவிட்டு நின்றுவிட்டது. தம்பியின் முகம் செத்துப்போனது. பார்த்தால் அவனுடைய பென் டிரைவ் 64 ஜீபி, ஃபாட் 32 இல்லை, எக்ஸ்ஃபாட் என்ற வேறு போர்மட்டில் இருந்தது. என்னுடைய பழைய 8 ஜீபியை ஃபாட் 32 ஆக்கிப் போட்டோம். இந்தமுறை விளக்கு நிற்காமல் மின்னியது. ஆறு நிமிடம் இருவரும் அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். யூபிஎஸ்ஸில் போட்டிருந்தோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விளக்கு அணைந்தது, பவர் பட்டனை அமத்தினோம், திரையில் லோகோ வந்தது. "மறுகா ஒருநாளும் மழைக்குள்ள அப்டேட் போட மாட்டன் அண்ணே" என்றான்.

லெப்டொப் என்றால்

அந்தப் பட்டன் இருக்காது, ஆனால் கீபோர்ட்டில் வழி இருக்கும். எச்பியில் விண்டோஸ் கீயையும் பீ எழுத்தையும் சேர்த்துப் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று விநாடி அமத்தி விடுங்கள். கீகளை மட்டும் விடாதீர்கள். டெல்லில் சார்ஜரைக் கழற்றி, கன்ட்ரோலையும் எஸ்கேப்பையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருகுங்கள். மீட்புத் திரை வந்தால் அது சொல்வதைச் செய்யுங்கள்.

கடைசி வழி: சிப்பில் நேரே எழுதுவது

சீஎச் 341ஏ என்ற சின்னக் கருவியும் எட்டுக் கால் கிளிப்பும் இருந்தால் சிப்பை நேரடியாக எழுதலாம். ஆனால் புதியவர்களுக்கு என் கருத்து: தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் மட்டும் தொடுங்கள். சார்ஜரும் பட்டரியும் கழற்றியிருக்க வேண்டும். கிளிப்பின் சிவப்பு வயர், சிப்பில் புள்ளி இருக்கும் காலுக்கு வர வேண்டும். பல புதிய லெப்டொப்களின் சிப் 1.8 வோல்ட், அதற்கென்று அடப்டர் இல்லாமல் கருவியைக் கொடுத்தால், அதுவரை சாகாத சிப் அப்போது செத்துவிடும். எழுதுவதற்கு முன்னால் உள்ளே இருப்பதை இரண்டு தரம் வாசித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பத்திரப்படுத்துங்கள். லெப்டொப்பின் சீரியல் எண்ணும் விண்டோஸ் கீயும் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். எழுதப்போகும் கோப்பின் அளவு சிப்பின் அளவோடு ஒரு பைட் பிசகாமல் பொருந்த வேண்டும்: 8 எம்பி சிப்புக்கு 83,88,608 பைட்.

எழும்பிய பிறகு விண்டோஸ் வராவிட்டால் பதற வேண்டாம். பயோஸுக்குள் போய் சாட்டா மோடும் (டிஸ்க்கோடு பேசும் முறை) பூட் ஒழுங்கும் (எதிலிருந்து முதலில் எழும்புவது) முன்பு இருந்தபடி இருக்கிறதா பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கர் 48 இலக்க எண் கேட்டால், அது உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்க வாய்ப்புண்டு. தம்பிக்கு அதெல்லாம் வரவில்லை. ஆனால் அடுத்த நாள் காலையில் போன் எடுத்தான், கொம்பியூட்டரில் எந்த இணையதளமும் திறக்கவில்லை, பாதுகாப்பில்லை என்கிறது என்று. பட்டரியைக் கழற்றினோமே, திகதி பழைய வருடத்துக்குப் போயிருந்தது. திகதி பிழைத்தால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் நினைத்துவிடும். திகதியை மாற்றச் சொன்னேன்.