குரல் டிராக்ல 'டிக்'னு வெட்டு, கடைசில யூஎஸ்பி போர்ட்ல இருந்துச்சு

தண்டையார்பேட்டைல மாடி ரூம்லதான் நம்ம ஸ்டூடியோ. பழைய லேப்டாப், உபுண்டு ஸ்டூடியோ (ஆடியோ வேலைக்கான லினக்ஸ்), ஜாக் (சாஃப்ட்வேருக்கும் சவுண்ட் கார்டுக்கும் நடுவுல சத்தத்தை கடத்துற புரோகிராம்), ஆர்டோர் (ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்), மைக்கை லேப்டாப்போட சேக்குற ஒரு யூஎஸ்பி இன்டர்ஃபேஸ், கண்டென்சர் மைக், அவ்ளோதான். கன்டெய்னர் லாரி ஹாரனுக்கு பயந்து ராத்திரிலதான் ரெக்கார்டிங்.

பக்கத்து வீட்டு தம்பி கானா பாடினான், டிராக்ல நடுநடுவுல 'டிக்'னு ஒரு வெட்டு. டோலக் அடியில அது மறைஞ்சிடுது, அவன் குரலை இழுக்கற இடத்துல பளிச்சுனு கேக்குது. மைக் கேபிள் மாத்தினேன், ஒண்ணும் ஆவல. ஆடியோவுக்கு முதலிடம் குடுக்கற ரியல்டைம் பெர்மிஷன் சரியாதான் இருந்துச்சு, சிபியு வேகத்தை கட்டுப்படுத்துற கவர்னரை பெர்ஃபார்மன்ஸ்ல வெச்சேன், அப்பவும் அதே கதைதான். பஃபரை, அதாவது சத்தத்தை சேத்து வெச்சு அனுப்புற அளவை, 1024 சாம்பிள் ஆக்கினா வெட்டு கொறயுது ஆனா ஹெட்போன்ல குரல் லேட்டா வருதுன்னு தம்பி தாளம் தப்பி பாடுறான்.

அப்புறம் ஆர்டோர்ல எக்ஸ்ரன் (ஆடியோ டேட்டா நேரத்துக்கு வராம விட்டுப்போறது) வர்ற இடத்துல மார்க்கர் போடுற ஆப்ஷனை ஆன் பண்ணேன். பக்கத்து போர்ட்ல சொருவின நெட் டாங்கிள் லைட் படபடன்னு மினுக்கறப்போதான் மார்க்கர் கூட்டமா விழுது! எந்த யூஎஸ்பி எதுல சேந்திருக்குன்னு காட்டுற 'எல்எஸ்யூஎஸ்பி -டி' கமாண்டை அடிச்சு பாத்தா, இன்டர்ஃபேஸும் டாங்கிளும் சொருவின வலது பக்க போர்ட் ரெண்டும் உள்ளார ஒரே ஹப்ல (ஒரே இணைப்பை பங்கு போடுற இடம்) தொங்குது.

இன்டர்ஃபேஸை இடது பக்கம் மாத்தி, டாங்கிளை புடுங்கிட்டு, ஜாக்ல சாம்பிள் ரேட் 48000, ஒரு பீரியட்டுக்கு (பஃபரோட ஒரு துண்டு) 256 சாம்பிள், பீரியட் 3னு வெச்சேன். யூஎஸ்பி இன்டர்ஃபேஸுக்கு 2 பீரியட்டை விட 3 தான் ஒத்து வருது, பஃபர் மொத்தம் 16 மில்லிசெகண்ட். முழு பாட்டுக்கும் ஒரு மார்க்கர் கூட விழல. அப்பாடா.